மைக் அக்காவின் மஞ்சள் பட்டன்

அந்த டாக்ஸி ஆபீஸில் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா, முதலாளிக்குக்கூட. பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில், ஜன்னலில்லாத ஓர் அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஊர் முழுக்க ஓடும் நாற்பது கார்களில் எது எந்தச் சவாரிக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது அவள் வேலை. திரையின் மூலையில் ஒரு மஞ்சள் பட்டன் இருந்தது. அதை அழுத்திப் பேசினால் நாற்பது கார்களிலும் அவள் குரல் கேட்கும்; அங்கே பேசுவது அவளுக்கும் கேட்கும்.

"பாலத்துக்குக் கீழ தண்ணி நிக்குது, யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க" என்று சொல்லத்தான் அந்தப் பட்டன். அக்கா அதோடு விடுவாளா? "மணி ரெண்டாச்சு, சாப்பிடாதவங்க வண்டிய ஓரங்கட்டுங்க." "ஆமை அண்ணனுக்குப் பேத்தி பொறந்திருக்கா. இன்னைக்காவது யாரும் அவரை முந்தாதீங்க." பின்சீட்டில் இருக்கும் பயணிகளும் சிரித்துவிடுவார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் திரையே வேறு மாதிரி இருந்தது. புது சாஃப்ட்வேர். எல்லாம் பளபளவென்று இருந்தது, மஞ்சள் பட்டனை மட்டும் காணோம். இனி ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக டைப் அடித்துத்தான் அனுப்ப வேண்டுமாம்.

"வண்டி ஓட்டுறவன் ரோட்டப் பாப்பானா, நான் அடிக்கிறதப் படிப்பானா?" என்று முதலாளியிடம் குதித்தாள்.

அவர் கையை விரித்தார். "நான் என்னம்மா பண்றது? கம்பெனிக்காரங்க மாத்திட்டாங்க."

அந்த வாரமே மழை கொட்டியது. அவள் ஒவ்வொரு காருக்காக டைப் அடித்துக்கொண்டு வருவதற்குள் ஆமை அண்ணன் பாலத்துக்குக் கீழே இறங்கிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் போய், அவரும் பயணியுமாக முழங்கால் தண்ணீரில் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் குரல் கேட்காமல் டிரைவர்களுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. "சும்மாதான்கா, லைன் வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்று ஆளாளுக்கு ஆபீசுக்குப் போன் போட்டார்கள். கார் கேட்டுக் கூப்பிட்டவர்களுக்கு லைன் கிடைக்காமல் போக, முதலாளி அதற்கும் தடை போட்டார்.

அவள் கணவர் பொய்ப்பல் செய்யும் இடத்தில் வேலை பார்ப்பவர். பேச்சில் மகா கஞ்சர். பட்டன் போன முதல் சில நாள், நாற்பது பேருக்கான பேச்சும் அவர் ஒருவர் தலையில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார். பாலத்துச் சம்பவத்துக்குப் பிறகோ அவள் வாயே திறப்பதில்லை. "தலைவலியா?" என்பார். "இல்ல" என்பாள். வீட்டில் அவ்வளவுதான் பேச்சு.

ஒரு மாதம் போயிருக்கும். சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் லேப்டாப்போடு மாடியேறி வந்தாள்.

"மைக் அக்கா நீங்கதானே? உங்க பட்டனைத் திரும்பப் போட வந்திருக்கேன்."

"எதுக்குத் தூக்கினீங்க, அதைச் சொல்லு முதல்ல."

"எந்தப் பட்டனை எத்தனை பேர் அழுத்துறாங்கன்னு பாத்தோம்கா. இதை உங்க ஆபீஸ்ல ஒரே ஒரு ஆள்தான் அழுத்துறாங்கன்னு வந்துச்சு. சரி, தேவையில்லன்னு எடுத்துட்டோம்."

"அப்புறம் யாரு புத்தி சொன்னது?"

"உங்க வீட்டுக்காரர்தான். தினமும் மத்தியானம் போன் பண்ணுவாரு. 'அழுத்துறது ஒருத்திதாம்மா, கேக்குறது நாப்பது பேரு.' இது ஒண்ணுதான் சொல்வாரு. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் மனப்பாடம்."

அக்கா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவளையே பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரா? போன்லயா? அவராவே பேசினாரா?"

"இப்ப அழுத்திப் பாருங்கக்கா."

அழுத்தினாள். என்றைக்குமில்லாமல் பேச்சு வரவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கார்களுக்குப் போயிருக்க வேண்டும். "யாரு, அக்காவா?" என்றது ஆமை அண்ணன் குரல். அவ்வளவுதான், ஒரு ஹாரன், இன்னொரு ஹாரன், பிறகு எத்தனை என்று தெரியாத அளவுக்கு ஹாரன்கள். "போதும்டா, ஊருல போலீஸ் இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அதட்டினாள்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவர் முன் போய் நின்றாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கிடைச்சா சொல்லலாம்னு இருந்தேன்."

"கிடைச்சிடுச்சு."

அவர் டி.வி.யை அணைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் விட்டார்.

"சரி, உக்காரு. இன்னைக்கு டிரைவருங்ககிட்ட என்னெல்லாம் பேசினே?"