களையெடுக்கத் தெரியாத டீச்சர்

"அமராந்தஸ் விரிடிஸ்" என்றால் ஒரு வாய். "டைஜெரா மியூரிக்கேட்டா" என்றால் இன்னொரு வாய். மூன்று வயது ஜெரின் அப்படித்தான் சாப்பிடுவாள். பெயர் புதிதாக இருந்தால் வாய் பெரிதாகத் திறக்கும். பழையதைச் சொன்னால் தலையை ஆட்டிவிடுவாள். ஆக, மகளுக்குப் பருப்புச்சோறு இறங்க வேண்டுமென்றால் வினோலியா தினம் இரண்டு செடியாவது படித்தாக வேண்டும்.

"நிலாவக் காட்டிச் சோறூட்டுதவளப் பாத்திருக்கேன். களையக் காட்டிச் சோறூட்டுதவள இங்கனதான் பாக்கேன்" என்பாள் அடுத்த வீட்டு வெள்ளைத்தாய். கை தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்க, வாய் இந்த வீட்டைக் கவனித்துக்கொள்ளும். வினோலியா கல்லூரிக்குப் போகும் பகலெல்லாம் ஜெரின் அவளிடம்தான் இருக்கிறாள்.

கோவில்பட்டியில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறாள் வினோலியா. கரிசல் காட்டுக் களைகள்தான் அவளுடைய பிஎச்.டி. ஆராய்ச்சி. வீட்டில் செடிகளைச் செய்தித்தாளுக்குள் வைத்து, நன்றாக அழுந்தட்டுமென்று மெத்தைக்கு அடியில் செருகியிருப்பாள். அந்த மெத்தையில்தான் ஜெரினும் படுப்பாள். பாதி உலர்ந்த சாரணை ஒருநாள் காலையில் நனைந்து கிடந்தது. இன்னொரு செடி பிடுங்கி வந்து, முதலிலிருந்து உலர்த்தினாள். கணவன் பெனோவுக்குத் தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. சனிக்கிழமை வருவான், திங்கள் காலை முதல் பஸ்ஸுக்குப் போவான். போகும்போது, "முடிச்சிரு வினோ, எப்படியாச்சும் முடிச்சிரு" என்பான், கஷாயத்தைக் குடிக்கச் சொல்வதுபோல.

முடிக்க இரண்டு பருவக் கணக்கு வேண்டும். விதைத்த பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள், நாற்பத்தைந்தாம் நாள் என்று களையை எண்ண வேண்டும். ஒரு பருவம் பிரசவத்தோடு போயிற்று. அடுத்தது மழை ஏமாற்றியதில் போயிற்று. போன வருஷம் ஒரு கணக்கு முழுதாகக் கிடைத்தது. இந்த ஐப்பசி விதைப்பு தப்பினால் வருகிற மார்ச்சோடு அவளுடைய பதிவே காலாவதியாகிவிடும். இரண்டு முறை நீட்டித்துக் கொடுத்தாயிற்று, இனி கிடையாது என்று பல்கலைக்கழகம் கடிதம் போட்டுவிட்டது.

பசுவந்தனைப் பக்கம் மந்திரமூர்த்தியின் உளுந்தங்காட்டில் நான்கு பாத்திகள் அவளுக்காகவே களையெடுக்காமல் விடப்பட்டிருந்தன. அவர் மகளுக்குப் பாடம் நடத்திய நன்றி. வண்டிப்பாதையில் போகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, காட்டக் களைக்குக் குத்தகைக்கு விட்டுட்டீரா" என்று கேட்பதைப் பொறுத்துக்கொண்டு விட்டிருந்தார். வினோலியா போய் மரச்சட்டத்தைப் போட்டு, அதற்குள் இருக்கும் களையை மட்டும் ஒவ்வொன்றாய் எண்ணிப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவாள், உலர்த்தி எடை பார்க்க. பக்கத்துப் பருத்திக்காட்டுப் பெண்கள் இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு முழ இடத்துக்கு அரை நாள் எடுத்துக்கொள்கிற இந்தப் பெண்ணுக்குக் களையெடுக்கத் தெரியவில்லை என்று அவர்கள் தங்களுக்குள் பேசி முடிவுசெய்திருந்தது வினோலியாவுக்குத் தெரியாது.

முப்பத்தெட்டாம் நாள் ஜெரினுக்கு அம்மை போட்டது. வெள்ளைத்தாய் வேப்பிலைக் கொத்தைக் கொண்டுவந்து இவர்கள் வாசலில், சிலுவைக்குக் கீழே செருகினாள். "வேதக்காரவுக வீடுன்னா அம்மன் வராமலா இருப்பா. வந்துட்டா, மரியாதையா அனுப்பி வைக்கணும்லா." வினோலியா கல்லூரிக்கு லீவு சொன்னாள். மந்திரமூர்த்தியின் ஊர் டீக்கடைக்குப் போன் போட்டு, பிள்ளைக்கு அம்மை, ஒரு வாரம் காட்டுப்பக்கம் வர முடியாது என்று சொல்லச் சொன்னாள். பிறகு மகளின் உடம்பில் வேப்பிலையால் தடவிக்கொண்டே நாட்களை எண்ணினாள். பிள்ளை துவண்டு கிடக்கையில் நாளை எண்ணுகிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. எண்ணாமலும் இருக்க முடியவில்லை.

நாற்பத்துநான்காம் நாள், அம்மை இறங்கி, ஜெரினுக்கு முதல் தண்ணீர் ஊற்றினார்கள். மறுநாள் பெனோ லீவு போட்டுப் பிள்ளையோடு இருக்க, அவள் பஸ் ஏறினாள்.

நான்கு பாத்திகளும் துடைத்துவிட்டதுபோல் கிடந்தன. உளுந்தைத் தவிர ஒரு புல் இல்லை.

பருத்திக்காட்டுப் பெண்களில் மூத்தவளான பத்திரகாளி சிரித்துக்கொண்டே வந்தாள், பின்னால் ஆறு பெண்கள். "எப்படி இருக்கு டீச்சர்? பிள்ளையப் பாப்பீங்களா, களையப் பாப்பீங்களா. ஒத்தையில கெடந்து கஷ்டப்படுதீங்களேன்னு நேத்து நாங்களே எறங்கிட்டோம். ஒரு மணி நேரம் ஆகல."

"மந்திரமூர்த்தி அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலியாக்கா?"

"அவிய ஓட்டப்பிடாரத்துல சடங்கு வீட்டுக்குப் போயிருக்காவ. வந்தா அவியளும் சந்தோசப்படுவாவ."

"எடுத்த களை எங்க கெடக்கு?"

"ஆட்டுக்குப் போட்டாச்சு. கெடந்தா மறுபடி வேர் பிடிச்சிரும்லா."

வினோலியா வரப்பில் உட்கார்ந்தாள். கோபம் வந்தது. ஆனால் அந்த ஏழு முகங்களில் எதன்மேலும் அதை வைக்க முடியவில்லை. முப்பதாம் நாள் கணக்கைக் கொண்டு நாற்பத்தைந்தை ஊகித்து எழுதிவிடலாம். ஒரு குருவிக்கும் தெரியாது. அப்படி எழுதிய ஒருவர் பட்டம் வாங்கி, இப்போது நாலு பேருக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறார். களை எவ்வளவு இருந்திருக்கும் என்று அவளுக்குக் கிட்டத்தட்டத் தெரியும். கிட்டத்தட்டத்தான்.

"என்ன டீச்சர், முகம் வாடிப் போச்சு. பிள்ளைக்கு எறங்கிட்டுல்லா?"

"எறங்கிட்டுக்கா. நேத்துத்தான் தண்ணி ஊத்துனோம்." மரச்சட்டத்தை வரப்பில் வைத்துவிட்டு, "பெரிய உபகாரம் பண்ணியிருக்கீங்க" என்றாள். குரல் பிசகாமல் வந்தது.

பத்திரகாளி மடியை அவிழ்த்தாள். காலையில் பருத்திக்கு ஊடே கிள்ளிய தொய்யக்கீரை, வினோலியாவின் டைஜெரா மியூரிக்கேட்டா, இளசாக இரண்டு கைப்பிடி. "குளிர்ச்சி. கடைஞ்சு குடுங்க, பிள்ளை தெம்பாயிருவா. பையில சும்மா போடாதீங்க, கசங்கிப்போகும். தாள் இருக்கா?"

வினோலியா பையிலிருந்து ஃபைலை எடுத்தாள். மேலாக இருந்தது நாற்பத்தைந்தாம் நாளுக்கான தாள். நான்கு பாத்திக்கும் சிவப்பு மையில் கட்டம் போட்டு, தேதியும் எழுதி வைத்திருந்தாள். அதை உருவி மடியில் விரித்து, கீரையைக் காம்புப்பக்கம் ஒன்றாகச் சேர்த்து வைத்து, ஓரங்களை உள்ளே மடக்கிச் சுருட்டினாள்.