சந்துச் சுவரில் அக்கா வரைந்த முகங்கள்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரை நன்கு அறிந்தவர்கள். ஆனாலும் வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்றொரு நம்பிக்கை குடும்பத்தில் நிலவுகிறது. பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறேன். அவற்றைப் படித்து அக்கா ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. "நல்லாத்தான்டா இருக்குது" என்பார், ரசத்தைப் பற்றிச் சொல்கிற குரலில்.

ரிஷிவந்தியத்தில் பிறந்தார். அப்பாவுக்குக் கரும்பு வெட்டும் கூலி வேலை. அவர் மறைந்தபோது அக்கா பள்ளிப் படிப்பைக்கூட முடித்திருக்கவில்லை. தையல் கடையில் பட்டன் தைத்துக்கொண்டே படித்தார். திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை ஆனார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது அந்தச் சம்பளம்தான். அதன் விளைவுகளுக்கு அவர் பொறுப்பல்ல.

மாமாவை மணந்து கள்ளக்குறிச்சிக்குக் குடிவந்தார். ஓய்வு பெற்றவர்கள் காசி, ராமேசுவரம் என்று கிளம்புவார்கள். அக்கா பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் சந்துக்குப் போனார். பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் அவசரத்துக்கு ஒதுங்குவதும், ஓட்டல்காரர்கள் எச்சில் இலை கொட்டுவதும் அங்கேதான். இருபுறமும் கூலிக்குப் போகிறவர்களின் வீடுகள். பெண் பார்க்க வருகிறவர்கள் சந்து முனையிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்களாம்.

சுவரெல்லாம் சாமி படம் வரைந்துவிட்டால் யாரும் அசிங்கம் பண்ணமாட்டார்கள் என்று யோசனை சொன்னேன்.

"சாமிக்கு பயந்துக்கினு பக்கத்து செவுத்துக்குப் போவான். இங்க ஆளுங்க குடியிருக்காங்கன்னு எவனுக்கும் தோணல பாரு, அதான்டா பிரச்சனை" என்றார்.

அங்கே வாழ்கிறவர்களின் முகங்களையே பெரிதாக வரைவது என்று முடிவாயிற்று. மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் கருத்துகளைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் முகம் அஞ்சலை. சந்து முனையில் வடை சுடுபவர். ஆள் உயரத்துக்கு முகம், நெற்றி நிறையப் பொட்டு, அசையாத பார்வை, சுற்றிலும் பூ வட்டம். அச்சு அசலாக இருந்தது. பூ வட்டத்துக்குள்ளிருந்து நேராகப் பார்க்கும் முகத்துக்கு நம் ஊர்ச் சுவர்களில் ஒரே பொருள்தான் என்பது, வாழ்நாளெல்லாம் ஓவியம் கற்பித்த அக்காவுக்குத் தோன்றவில்லை. வாயாரப் பாராட்டிய எனக்கும் தோன்றவில்லை.

யாரோ அதைப் போனில் படமெடுத்து அனுப்ப, வெள்ளிமலையில் இருக்கும் அஞ்சலையின் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை மலையிலிருந்து ஒரு ஜீப் இறங்கிவந்தது. அஞ்சலையின் தம்பி, அவர் மனைவி, பங்காளிகள், ரோஜா மாலை, பிணத்தின் மேல் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை. அழுதுகொண்டே இறங்கியவர்களை வடைச்சட்டிக்குப் பின்னாலிருந்து அஞ்சலை பார்த்தார்.

"இன்னாடா இது, ஒரு போன் பண்ணி கேக்கமாட்டியா?"

"பண்ணேன் யக்கா. நீ எடுக்கல." தம்பிக்கு மாலையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"எண்ண காயறப்ப எவ எடுப்பா?"

உயிரோடிருப்பவருக்குக் கோடி வந்துவிட்டதில் சந்தே கொதித்தது. சுண்ணாம்பு வாளியும் வந்துவிட்டது. படத்தை அழித்துவிட வேண்டும், டீச்சர் இனி இந்தப் பக்கம் வரவே கூடாது என்றார்கள். அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு நின்றார். அழித்துவிடட்டுமா என்று அஞ்சலையிடமே கேட்டார்.

"அழிச்சா நெசமாவே செத்த மாதிரி ஆயிடும் டீச்சர். வாயத் தொறந்து எவனையோ திட்டற மாதிரி மாத்திடுங்க. நான் திட்டிக்கினு இருந்தா உசுரோட கீறேன்னு எங்க மலைக்கே தெரியும்."

தம்பி அதை உடனே ஆமோதித்தார். சுண்ணாம்பு வாளி திரும்பிப் போயிற்று. அதன்பின் சந்துச் சுவர்களில் ஒருவரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒருவர் பல் துலக்கினார். ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்தார். ஒரு பெண் பேன் பார்த்தாள். அடுத்து யார் என்பதில் சண்டை வந்தது. தன் முகத்தின் கீழே எச்சில் இலை விழ ஒருவரும் சம்மதிக்கவில்லை. விளக்குக் கம்பம் வந்தது, பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கோடிப் புடவையை அஞ்சலை பொங்கலுக்குக் கட்டிக்கொண்டார். கலர் நன்றாயிருந்ததாம்.

பிறகு அக்காவின் இதயம் தளர்ந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருக்கு ஒரே கவலைதான். வெளிச்சுவர்ச் சாயம் இரண்டு மழைக்கு மேல் தாங்காது.

"படம் போயிடுச்சுன்னா திரும்ப கொட்டுவாங்களாடா?"

நான் வேடிக்கையாக ஏதோ சொன்னேன். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். அந்தக் கேள்வியோடுதான் போனார்.

இந்த ஐப்பசி மழையில் சாயம் உரிந்துவிட்டது. திவச வேலையாகக் கள்ளக்குறிச்சிக்கு வந்தவன் சந்துக்கும் போனேன். அஞ்சலையின் முகம் இருந்த இடத்தில் செங்கல் தெரிந்தது. அதைப் பார்த்து வருத்தப்பட்டுக்கொண்டே டீயைக் குடித்து முடித்து, பேப்பர் கப்பை அந்தச் சுவரடியில் போட்டேன்.

"எடுங்க சார்" என்றது முதுகுக்குப் பின்னால் அஞ்சலையின் குரல். "டீச்சர் தம்பி போட்டா மட்டும் குப்ப மணக்குமா?"

எடுத்தேன். வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அக்காவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஏணியை விடாமல் பிடித்திருந்த மாமாவுக்கும், துயரத்தில் துணை நின்ற உறவினர் அனைவருக்கும் எங்கள் நன்றி. அக்காவுக்கு நான் சொல்லத் தெரியாமல் நின்ற பதிலைச் சொன்ன அஞ்சலைக்கும், அந்தக் கப்போடு குப்பைத்தொட்டி வரை என்னைக் கண்ணாலேயே நடத்திப் போன சந்துக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.