தளம்பல் என்று எழுதியவள்

செய்தியைச் சொன்னது சுகந்தியின் தங்கை விஜி. லண்டனிலிருந்து வந்து அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தவள். "றஞ்சியக்கா, அக்கா எங்கள விட்டுட்டுப் போயிற்றா" என்றாள். முந்தின நாள்தான் வைத்தியசாலைக்குப் போய் வந்திருந்தேன். சுகந்தி இரண்டு கரண்டி கஞ்சி குடித்தாள், பிந்தி வந்ததற்காக என்னைத் திட்டவும் செய்தாள். திட்டுகிற ஆள் இவ்வளவு கெதியாகப் போகமாட்டாள் என்று நம்பியிருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தேன். நெற்றியில் எப்போதும் இருக்கிற சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தாள்.

அவளோடு வேலை செய்தவர்களுக்கும் அவளிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரண்டும் ஒரே கூட்டம்தான்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சனம் ஷெல்லுக்குப் பயந்து, வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு வந்த காலம் அது. மட்டக்களப்பு நகரில் ஒரு நிவாரண அமைப்பின் கணினிப் பிரிவில் இருவரும் இருந்தோம். சுகந்தி படுவான்கரைப் பக்கத்துப் பழுகாமத்துக்காரி. அவளுடைய வீடும் அப்போது முகாமில் ஒரு கூடாரம்தான். அங்கிருந்து தலை வாரி, சேலை உடுத்து, எனக்கு முன்பே அலுவலகத்துக்கு வந்துவிடுவாள்.

முகாம்களில் பதிந்த பெயர்களைத் தேடும் மென்பொருளை நாங்கள் எழுதியிருந்தோம். மற்ற அமைப்புகளும் தங்கள் புரோகிராமிலிருந்து அதை அழைத்துப் பயன்படுத்தலாம். அது ஒழுங்காக ஓடியது. பிறகு சுகந்தி புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். தொலைந்த ஒருவரின் பெயர், தகப்பன் பெயர், வயது மூன்றையும் கொடுத்தால், எந்த முகாமில் இருப்பவர் அவராக இருக்கலாம் என்று அதுவே பொருத்திக் காட்டும். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எழுதியவளுக்கோ அதில் நம்பிக்கை இல்லை. அந்த வசதியின் பெயருக்கு முன்னால் 'தளம்பல்' என்று ஒரு சொல்லை ஒட்டிவிட்டாள். அதை அழைக்க விரும்பும் எவரும் அந்தச் சொல்லைத் தன் கையாலேயே தட்டச்சுச் செய்தாக வேண்டும். விடை வரும்போது திரையில் ஒரு மஞ்சள் பட்டையும் வரும். அதிலும் அதே சொல்.

"நீ என்ன கா, புரோகிராம் எழுதுறியா, தோணி விடுறியா?" என்று கேலி செய்தேன்.

"தோணி தளம்புதெண்டு தெரிஞ்சா ஏறுறவன் புடிச்சிட்டு ஏறுவான்" என்றாள். "இது இண்டைக்கு ஒரு விடை சொல்லும். நான் நாளைக்கு மாத்திப்போட்டா வேற விடை சொல்லும். இத நம்பி ஒருத்தரும் குந்தப்படாது."

கொழும்பிலிருந்து நிதி தருபவர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. எங்கள் பணிப்பாளருக்கு மஞ்சள் பட்டை கண்ணில் குத்தியது. நல்ல மனிதர்தான், ஆனால் விருந்தினர் வருகிறார்கள் என்றால் பதறிப்போவார். "சுகந்தி, அந்த மஞ்சளக் கழட்டுங்க. எங்கட வேலையில எங்களுக்கே நம்பிக்கையில்ல எண்டு நினைப்பாங்க" என்றார்.

"நம்பிக்கையில்லத்தானே சேர்" என்றாள் இவள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பணிப்பாளர் சிரிக்கவில்லை. கழற்றாவிட்டால் வேறு ஆளை வைத்து எழுதுவிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். கூடாரத்தில் இருக்கும் தாய்க்கு மருந்து வாங்கிக் கொடுப்பதே அந்தச் சம்பளம்தான். ஆனாலும் அவள் கழற்றவில்லை.

அந்தக் கிழமையே சித்தாண்டியிலிருந்து ஒரு தாய், மகனைத் தேடி வந்தார். மகன் பெயர் வேலாயுதம், தகப்பன் கந்தசாமி. தட்டியதும் திரையில் ஓர் ஆள் வந்தார். பெயர் சரி, தகப்பன் பெயர் சரி, வயதும் சரி. மஞ்சள் பட்டையும் வந்தது. பக்கத்தில் நின்ற பணிப்பாளர், "கிடைச்சிட்டார் எண்டு சொல்லுங்களன்" என்று முணுமுணுத்தார்.

அந்த அம்மா எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுச் சுகந்தியைப் பார்த்தார். "தளம்பலெண்டா என்ன மனே? இரிக்கானா, இல்லையா? ஒண்டச் சொல்லு."

"தெரியாதும்மா" என்றாள் சுகந்தி. "இது உங்கட மகனாவும் இரிக்கலாம், வேற ஆளாவும் இரிக்கலாம். தெரியாதத நான் தெரியுமெண்டு சொல்லமாட்டன். வாங்க, ரெண்டு பேரும் போய்ப் பாப்பம்."

ஓட்டோ பிடித்து முகாமுக்குப் போனோம். வெளியே வந்து நின்றவர் மண்டூர்க்காரர், இடுப்பில் ஒரு குழந்தை. சித்தாண்டியிலும் முருகன் கோயில், மண்டூரிலும் முருகன் கோயில். வீட்டுக்கு ஒரு வேலாயுதம், வளவுக்கு ஒரு கந்தசாமி. இதெல்லாம் தெரிந்த நாங்கள்தான் பெயரும் தகப்பன் பெயரும் ஒத்துப்போனால் போதும் என்று எழுதிவைத்திருந்தோம். அந்த அம்மா அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குழந்தையின் தலையைத் தடவிவிட்டுத் திரும்பினார். ஓட்டோவில் சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஓமெண்டு சொல்லிக் கூட்டி வந்திருந்தா, நான் அந்த இடத்திலேயே விழுந்து செத்திருப்பன் மனே" என்றார். சுகந்தி இறங்கும்வரை அந்தக் கையை விடவில்லை. நான்தான் அழுதேன்.

விருந்தினருக்கு மஞ்சள் பட்டையோடேயே காட்டினோம். அதைப் பற்றிப் பணிப்பாளர் பிறகு வாய் திறக்கவில்லை. பெயர்களோடு ஊரையும் சேர்த்துப் பொருத்தும்படி சுகந்தி மாற்றி எழுதினாள். அப்போதும் அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

அவளுடைய பிடிவாதத்துக்கு வேறு காரணமும் இருந்தது. அவளுக்குச் சுதன் என்று ஒரு தம்பி. அதற்குச் சில வருடங்களுக்கு முன் கடைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அந்த வசதி முதன்முதலில் ஓடிய அன்று அவள் கொடுத்துப் பார்த்தது அவனுடைய பெயரைத்தான். ஓர் ஆளைக் காட்டியது. தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அவனில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையில் குனிந்துகொண்டாள். தளம்பல் என்ற சொல்லை அவள் ஒட்டியது மறுநாள்.

யுத்தம் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு அவளுடைய அம்மா காலமானார். மரண அறிவித்தல் எழுத உட்கார்ந்தோம். பிள்ளைகளின் பெயர் வரும் இடத்தில், 'காலஞ்சென்ற சுதன்' என்று போடச் சொன்னார் அவளுடைய மாமா.

"ஆர் மாமா கண்டது?" என்று கேட்டாள்.

"எத்தின வருசமாப் போச்சு புள்ள."

"வருசம் போனா உறுதியாகிருமா?"

அச்சாகி வந்த அறிவித்தலில் விஜியின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் லண்டன் என்று இருந்தது. சுதனுக்கு முன்னால் காலஞ்சென்ற என்றும் இல்லை, பின்னால் ஓர் ஊரும் இல்லை. வாசித்தவர்கள் அச்சுப்பிழை என்று நினைத்திருப்பார்கள். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

இப்போது நான் வேறோர் இடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குழுவில் யார் புதிதாக எதை எழுதினாலும், அது ஒரு நிலைக்கு வரும்வரை பெயரில் தளம்பல் என்று இருக்க வேண்டும். இது எங்கிருந்து வந்த வழக்கம் என்று அவர்களுக்குத் தெரியாது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.

சுகந்தியின் மரண அறிவித்தலை என்னையே எழுதச் சொன்னாள் விஜி. எழுதினேன். சுதனின் அன்புச் சகோதரியும் என்ற இடத்தில் அவனுடைய பெயருக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றும் போடவில்லை. பிறகு முதல் வரிக்கு வந்து, உன் பெயரை எழுதி, காலமானார் என்று எழுத வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு மஞ்சள் பட்டை போட்டுவிடலாமா என்று என் கை நின்றது. போட முடியாது, சுகந்தி. நான் வந்து என் கண்ணால் பார்த்துவிட்டேன்.