சாக்கில் சுற்றிவைத்த பற்றறி

வட்டக்கச்சியில் பரமலிங்கத்தின் வெள்ளை டொல்பின் வானைத் தெரியாதவர்கள் இல்லை. கிளிநொச்சிக்கும் கொழும்புக்கும் ஆள் ஏற்றி ஓடிய வான். கண்ணில் புரை வெட்டியதோடு வாடகை ஓட்டத்தை விட்டார், வானை விற்கவில்லை. இருக்கைகளைக் கழற்றி, பலகைக் கட்டிலும் காஸ் அடுப்பு வைக்க ஒரு தட்டும் அடித்தார்.

“பரமண்ணை, வீட்டாலை கலைச்சுப்போட்டினமே? வானுக்கை குடிபூரப்போறியளோ?” என்று சந்தியில் நக்கலடித்தார்கள்.

எல்லாம் மனைவி சிவலட்சுமிக்காகத்தான். அவள் பிறந்தது அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்த குடும்பம். அக்கா மீனம்மா மட்டும் அங்கேயே கலியாணம் முடித்து நின்றுவிட்டாள். இப்போது மீனம்மா படுத்த படுக்கை. அக்காவை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும். சிவலட்சுமி கேட்டது அவ்வளவுதான். ஆனால் அவளுக்குத் தொய்வு, மூச்சிழுக்கும் நோய். இழுப்பு வந்தால், மருந்தை ஆவியாக்கித் தரும் மெசினை உடனே முகத்தில் பிடிக்க வேண்டும். மெசினுக்குக் கரண்ட் வேண்டும். நெடும் பயணத்தில் அதற்கு எங்கே போவது?

அதனால்தான் வானுக்குத் தனிப் பற்றறியோடு இன்வேட்டர் பூட்ட முடிவெடுத்தார். கிளிநொச்சியில் வாகன மின்வேலை செய்யும் தர்ஷனிடம் மெசினையே தூக்கிக்கொண்டு போனார்.

“மலிவு இன்வேட்டர் லைற்றுக்குக் காணும், ஐயா. இதுக்கை மோட்டர் இருக்கு, சூடேறிப் பழுதாப்போகும். வீட்டுக் கரண்ட் மாதிரியே குடுக்கிற சாமான்தான் வேணும்.”

பரமலிங்கம் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. நல்லதையே எடுத்தார். கட்டிலுக்குப் பின்னால் காற்றோட்டம் விட்டுப் பூட்டுவித்தார். தடித்த வயர், பற்றறிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், கட்டிலுக்கு மேலே லைற்றும் ஃபானும், எல்லாம் ஒழுங்கு. இஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற ஒரு வயர் இழுக்கலாம் என்று தர்ஷன் சொன்னதை மட்டும் மறுத்தார்.

“வேண்டாம் தம்பி, வான் பற்றறியும் இதுவும் ஒண்டை ஒண்டு உறிஞ்சிப்போடும். நான் வீட்டிலை சார்ஜ் போட்டுக்கொண்டு வெளிக்கிடுறன்.”

“அப்ப சும்மா வைச்சிருக்காதேங்கோ. இடைக்கிடை பாவிச்சு, திருப்பிச் சார்ஜ் போடுங்கோ.”

தலையாட்டிவிட்டு வந்தவர், அன்று பின்னேரமே வயரைக் கழற்றி, பற்றறியைச் சாக்கால் சுற்றி வைத்தார். யுத்தத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஓமந்தைக்கு இந்தப் பக்கம் டோர்ச் பற்றறிகூட வராது. செத்த பற்றறிகளை வெயிலில் காயவைத்து, மிச்சம் மீதியில் றேடியோச் செய்தி கேட்டவர் அவர். சும்மா எரியும் விளக்கைக் கண்டால் இன்றைக்கும் அவருக்கு நெஞ்சு பதைக்கும்.

ஒரு புழுக்கமான மத்தியானம் சிவலட்சுமி வானுக்குள் ஏறிக் கட்டிலில் சாய்ந்தாள். “ஃபானை ஒருக்காப் போடுங்கோவன்.”

“பயணத்துக்கெண்டெல்லே வைச்சிருக்கு.”

“ஓம் ஓம். நான் செலவழிஞ்சு போனாலும் பரவாயில்லை, உங்கடை பற்றறி செலவழியக்கூடாது.”

அவர் சிரித்தார். ஃபானைப் போடவில்லை.

பயணம் மாரி மழையால் தள்ளிப்போனது, பிறகு அறுவடையால், பிறகு டயருக்காக. ஒருவழியாக நாள் குறித்துச் சார்ஜ் போட்டபோது, கொஞ்ச நேரத்திலேயே பச்சை விளக்கு எரிந்தது. “பாத்தியே, ஒரு சொட்டும் இறங்கேல்லை!” என்று பெருமையாகச் சொன்னார்.

வெளிக்கிட்ட அன்று தம்புள்ளை தாண்டி, வீதி வேலைப் புழுதியில் அவளுக்கு இழுப்பு வந்தது. ஓரம் கட்டி, மெசினைக் கொளுவி, சுவிட்சைப் போட்டார். மோட்டர் ஒருமுறை உறுமியது. இன்வேட்டர் கீச்சிட்டு நின்றது. மறுபடி போட்டார். மறுபடியும் கீச்சு. அவள் அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள். வானைத் திருப்பித் தம்புள்ளை ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பெரிய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “இந்த நெஞ்சோடை மலைக் குளிருக்குப் போகவே கூடாது. இனி ஒருக்காலும்.” வந்த வழியே திரும்பினார்கள்.

தர்ஷன் பற்றறியைச் சோதித்தான். “பாவிக்காமல் விட்டால் உள்ளுக்கை உறைஞ்சுபோகும், ஐயா. பச்சை எரியும், பாரம் தாங்காது.” “நான் அப்பவே சொன்னனான்” என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது என்று பரமலிங்கத்துக்குத் தோன்றியது. புதுப் பற்றறி போட்டார். இஞ்சின் வயரும் இழுப்பித்தார்.

இப்போது பின்னேரங்களில் முற்றத்தில் நிற்கும் வானைத் திறந்து, லைற்றும் ஃபானும் போட்டுவிடுவார். சிவலட்சுமி பலகைக் கட்டிலில் இருந்து அக்காவோடு போனில் முகம் பார்த்துக் கதைப்பாள்.

“வண்டிக்குள்ளயா இருக்க, தங்கச்சி? கெளம்பிட்டியா?” மீனம்மாவுக்கு மறதி. ஒவ்வொரு நாளும் இதே கேள்வி.

“இல்லக்கா. நான் வர முடியாதுக்கா.”

பரமலிங்கம் வெளியே வானோடு சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருப்பார். நேற்றும் அப்படித்தான். போனை வைத்த சிவலட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

“லைற்றை நிப்பாட்டுங்கோ. பற்றறி இறங்கப்போகுது.”

“இறங்கட்டும்,” என்றார். ஆளில்லாத கட்டிலுக்கு மேலே ஃபான் சுற்றிக்கொண்டிருந்தது.