சின்னையா பெயர் சொல்லாத இடம்

"காலை மடக்குடா பழனியப்பா!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் சின்னையா ஸ்டீரிங்கை ஒடிப்பார். சின்ன டிராக்டரும் அது பின்னால் இழுத்து வரும் புல்வெட்டியும் முழங்கை மாதிரி மடங்கித் திரும்பும். கொஞ்சம் தள்ளிப் போய், "பூமணி, சேலையை இழுத்துக்க, சக்கரத்துல மாட்டிக்கும்" என்பார். அடுத்த வளைவில் இன்னும் சத்தமாக, "ரெங்கசாமி, குடிச்சிட்டுக் குறுக்கால படுக்கிற பழக்கத்த இங்க வந்துமா விடல?"

பழனியப்பன் செத்துப் பல வருடம் ஆகிறது. பூமணி அதற்கும் முன்னால். ரெங்கசாமியைத் தூக்கிப்போனவர்களில் நானும் ஒருவன். பூச்சோங் பக்கம் வீடு கட்டுவதற்காக விற்றுவிட்ட ரப்பர் தோட்டத்தின் இடுகாடு அது. ஆட்களெல்லாம் ரவாங், கிள்ளான், கேரி தீவு என்று சிதறிப் போய்விட்டார்கள். அவர்கள் குடியிருந்த லயங்களை இடித்தாகிவிட்டது. சின்னையா மட்டும் பதினாலாங்கட்டை மைல்கல் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் இருந்துகொண்டு, வாரம் தவறாமல் இங்கே புல் வெட்ட வருகிறார்.

ஒல்லியான ஆள். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் 'குட்மார்னிங்' என்று அச்சடித்த வெள்ளைத் துண்டு. செருப்பை வேலி ஓரத்திலேயே விட்டுவிடுவார். டிராக்டர், பழைய துரை தன் பங்களாப் புல்வெளிக்கு வாங்கியது. அதை ஓட்டியவரும் சின்னையாதான். தோட்டம் கைமாறியபோது அது ஸ்டோருக்குப் பின்னால் மழையில் கிடந்தது. கேட்டிருக்கிறார். "எடுத்துட்டுப் போ, எடம் மிச்சம்" என்று கணக்கெழுதும் கிராணி சொல்லியிருக்கிறார். துரைக்குச் சீப்பு வைத்து வாரியதுபோல் வெட்டியவர், இங்கே வெட்டுவது வேறு மாதிரி. குழிகளின் மேல் வெட்டுவதில்லை. சுற்றிலும் தரையோடு தரையாக வெட்டிவிட்டு, குழி இருக்கும் இடத்தில் மட்டும் லாலான் புல்லை முழங்கால் உயரத்துக்கு நிற்க விடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப் பாயில் ஆட்கள் வரிசையாகப் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். ரெங்கசாமி மட்டும் குறுக்கே, மற்ற எல்லாரும் தெற்கே தலை.

இந்த வேலைக்குக் காரணம் உண்டு. அங்கே கல் கட்டிய குழி சொற்பம். மற்றவற்றுக்கு மரக்கட்டைதான் நட்டார்கள், அதைக் கரையான் தின்றுவிட்டது. முதல் தடவை வீடு கட்டும் கம்பெனி ஆட்கள் வந்தபோது லாலான் காட்டைப் பார்த்துவிட்டு, "இங்கே பெரிசா ஒன்றும் இல்லை" என்று போய்விட்டார்கள். சின்னையா பின்னாலேயே ஓடி மல்லுக்கு நின்றதில், மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை திரும்பி வந்து எண்ணுவதாகச் சொன்னார்கள். அன்று தொடங்கியதுதான் இந்த வாராவாரம் வெட்டு. கண்ணுக்குத் தெரிகிற குழிக்குத்தான் கட்டை அடிப்பார்கள். கட்டை இருக்கிற குழியைத் தோண்டி, எலும்பைப் பெட்டியில் வைத்து, புது இடுகாட்டில் புதைப்பார்கள். மீதி வீட்டுக்கு அடியில்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமைதான் டிராக்டரின் ஜாயிண்டு உடைந்தது.

என் பட்டறைக்கு அந்த ஷாப்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தார். எஞ்சின் சுற்றுவதைப் புல்வெட்டிக்குக் கொண்டுபோகிற தண்டு அது. நேராகவே சுற்ற முடியாது, வண்டி திரும்பும்போது மடங்கிக்கொண்டே சுற்ற வேண்டும். மடங்குகிற இடம்தான் ஜாயிண்டு. அதில் சிலுவை மாதிரி ஓர் இரும்புத் துண்டு. அதன் நான்கு முனையிலும் கிண்ணம் மாதிரி மூடி, மூடிக்குள் ஊசி ஊசியாகச் சின்ன உருளைகள். நான் பிரித்துப் பார்த்தேன். ஊசிகள் துருப்பிடித்து, மிளகாய்த்தூள் மாதிரி சிவப்பாகக் கொட்டின. சிலுவையில் ஒரு கை ஒடிந்து கிடந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரும்பைப் பாழாக்குகிறவன் யாராக இருந்தாலும் எனக்கு ஆகாது.

"என்னாண்ணே இது? நேரா ஓட்டுனா வருசக் கணக்குல வரும். இப்படி ஒடிச்சு ஒடிச்சுத் திருப்புனா எந்த இரும்பு தாங்கும்? திருப்புறப்பவாச்சும் பிளேட நிப்பாட்டுங்க லா."

"நிப்பாட்டுனா மூலையில புல்லு நின்னுரும் தம்பி. வடிவம் கெட்டுப் போவும்."

"வடிவமா? நீங்க என்னா, கோலமா போடுறீங்க?"

"நேரா ஓட்டச் சொல்றியே, நேரா போனா ரெங்கசாமி மேலதான் ஏத்தணும். உயிரோட இருந்தப்பவே அவன் சும்மா இருக்க மாட்டான்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு, "நாளைக்குள்ள ஆவுமா?" என்றார். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

கிள்ளானில் பழைய கார் உடைக்கிற கடை ஒன்று எனக்குப் பழக்கம். லோரியை எடுத்துக்கொண்டு போய், குப்பையில் கிளறி, அளவு ஒத்து வருகிற ஒரு சிலுவையை எடுத்து வந்தேன். அதுவரை அவர் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் வாங்கி வைத்துவிட்டுப் போன கோப்பி ஆறி ஏடு கட்டிக் கிடந்தது.

ஊசிகளைக் கிரீஸில் ஒட்டவைத்து, மூடியை மேசை இடுக்கியான விஸில் கொடுத்து நெரிக்கும்போது ஓர் ஊசி சாய்ந்தாலும் மூடி உட்காராது. திரும்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இரண்டு தடவை சாய்ந்தது. நான் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். சின்னையா ஷாப்டின் மறுமுனையை, அடிபட்டவன் காலைப் பிடித்திருப்பது மாதிரி இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "பொறுமையா, பொறுமையா" என்றார். எனக்குச் சொன்னாரா, இரும்புக்குச் சொன்னாரா தெரியவில்லை. மூன்றாம் தடவை மூடி உட்கார்ந்தது. மடக்கிப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி மடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை, ஜாயிண்டு தாங்குகிறதா என்று பார்க்க நானும் போனேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பெயர். ஒருவரையும் விடவில்லை, ஏசாமலும் விடவில்லை. கடைசி மூலையில் குரல் இறங்கியது. "நல்லம்மா, நான்தான் வரேன்" என்றார். நல்லம்மாள் அவருடைய மனைவி. நெஞ்சுவலியில் போனவள். அவள் மேல் புல் செழிப்பாக நின்றது.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு திட்டு. ஒரு கை நீளம்கூட இருக்காது. அங்கே சின்னையா யார் பெயரையும் சொல்லவில்லை. எஞ்சின் சத்தத்தைக் குறைத்தார். இருந்ததிலேயே ஒடுக்கமான வளைவு அதுதான். ஜாயிண்டு கடகடவென்று முனகியது. அதை உடைத்தது எந்த இடம் என்று எனக்கு அப்போது விளங்கியது.

"இது யாருண்ணே?"

"பேரு வைக்கல தம்பி. அதுக்குள்ள போயிட்டான்."

அப்புறம் அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

திங்கட்கிழமை காலை கம்பெனி ஆள் வந்தார். சிவகுருநாதன், சிலோன்காரர், மரியாதையான மனிதர். கூட வந்த இருவரும் சிவப்பு மை பூசி எண் போட்ட கட்டைகளைச் சுமந்து வந்தார்கள். வெட்டியிருந்த அழகைப் பார்த்து அவர் வேலி ஓரத்திலேயே நின்றுவிட்டார். "இவ்வளவு பேரோ?" என்றார். திட்டுக்கு ஒரு கட்டையாக அடித்துக்கொண்டே வந்தார்கள். பழனியப்பனுக்கு அடித்தார்கள், பூமணிக்கு அடித்தார்கள், குறுக்கே கிடந்த ரெங்கசாமிக்கும் அடித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சின்னையா தலையை ஆட்டினார். நல்லம்மாள் தலைமாட்டிலும் ஒன்று இறங்கியது. அதோடு சுமந்து வந்தவர்கள் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

"சார், இன்னும் ஒன்னு இருக்கு" என்றார் சின்னையா.

"எங்கை?"

கையால் காட்டினார்.

"இது வெட்டாமல் விட்ட புல்லெல்லோ?"

"பச்சப் புள்ள சார். என் பையன்."

சிவகுருநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனை வருசமாச்சுது?"

"அது ஆச்சு சார், முப்பதுக்கு மேல."

"அண்ணை, கோவிக்காதேங்கோ. பச்சைப்பிள்ளையின்ரை எலும்பு இவ்வளவு காலம் நிக்காது. கிண்டினா ஒண்டும் கிடைக்காது. வெறும் பெட்டிக்கு நான் கட்டை அடிக்கேலாது."

"மண்ணு இருக்கும்ல சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சின்னையாவின் கையைத் தொட்டுவிட்டு, காருக்கு நடந்தார். கட்டைக்காரர்களும் போனார்கள்.

கார் ரோட்டில் ஏறுகிறவரை சின்னையா டிராக்டர் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.  அவர் நடந்து போய் நல்லம்மாள் தலைமாட்டில் குந்தினார். அவளுக்கு அடித்த கட்டையை இரண்டு பக்கமும் அசைத்து அசைத்துப் பிடுங்கினார். அதில் ஒட்டிய மண்ணைத் துண்டால் துடைத்தார். நகர்ந்து போய், அந்தச் சின்னத் திட்டின் நடுவில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் உடம்பு பாரம் முழுவதும் கொடுத்து அழுத்தினார். கட்டை இறங்கி நின்றது.

பிறகு, ஒரு கையால் அந்தக் கட்டையைப் பிடித்தபடியே மறு கையை நீட்டி, நல்லம்மாள் மேல் நின்ற புல்லைத் தலைமுடியைக் கோதுவதுபோல் கோதி, கோதி, அங்கே ஒரு திட்டு இருந்ததே தெரியாமல் தரையோடு படிய வைத்தார்.