மேம்பாலத்தில் நின்ற கேரவன்

போன வாரம் ஒரு காலை, பாலவாக்கத்திலிருந்து ஸ்டெல்லா அக்காவின் தம்பி சேவியர் அழைத்தார். "அக்கா போய்ட்டாங்க மீனா" என்றார். பின்னால் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. படப்பிடிப்புக்குக் கிளம்ப வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்கா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியின் படியிலேயே உட்கார்ந்தாராம். மருத்துவமனை வரை உயிர் தாங்கவில்லை. நான் அப்போது கோடம்பாக்கத்தில் ஒரு தளத்தில் நடிகர்களின் உடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சட்டை கருகும் வாசனை வந்த பிறகுதான் பெட்டியை எடுக்கவே தோன்றியது.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நடிகர்கள் ஓய்வெடுக்கவும் ஒப்பனை செய்துகொள்ளவும் தளத்தில் நிற்கும் வீடு போன்ற வண்டியைத்தான் நாங்கள் கேரவன் என்போம். படுக்கை, ஏசி, ஃபிரிட்ஜ், ஹீட்டர், கழிவறை எல்லாம் உள்ளே இருக்கும். ஸ்டெல்லா அக்காவிடம் அப்படி ஒரே ஒரு வண்டி இருந்தது. ஓட்டுநரும் அவரே, எலக்ட்ரீஷியனும் அவரே.

வண்டிக்குள் எது ஓடலாம், எது ஓடக் கூடாது என்பதில் அவர் யாருக்கும் வளைந்ததில்லை. ஒருமுறை அடையாறில் படப்பிடிப்பு. பெரிய நடிகர் ஒருவரின் உதவியாளர், ஏசி ஓடும்போதே தண்ணீர்க் கெட்டிலையும் முடி உலர்த்தும் மெஷினையும் சேர்த்துப் போட்டுவிட்டார். வண்டி முழுவதும் இருண்டது. நடிகர் பாதி ஒப்பனையோடு கத்தினார். அக்கா உள்ளே ஏறி, "சார், டீ வேணுமா, குளிர் வேணுமா, முடி காயணுமா? இன்னா வேணும்னு ஒண்ணு சொல்லு. மூணும் கேட்டா ஒண்ணும் கெடைக்காது" என்றார். நடிகர் டீ என்றார்.

நான் அவரை உண்மையில் அறிந்துகொண்டது சில ஆண்டுகளுக்கு முன் வந்த மழை வெள்ளத்தில்தான்.

என் கணவர் குமரேசனுக்கு நுரையீரல் சுருங்கும் நோய். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியே தரும் மெஷின் ஒன்று அவர் கட்டிலருகே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். புயல் மழையில் கோபாலபுரத்தில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் போனது. வீட்டு இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டுக் கத்தத் தொடங்கியது. கட்டில் கால் வரை தண்ணீர். ஆம்புலன்ஸ் எண்ணுக்கு இணைப்பு கிடைக்கவே இல்லை. தெரிந்தவர்களையெல்லாம் அழைத்தேன். சிலர் வருத்தப்பட்டார்கள். சிலர் எடுக்கவில்லை. அக்கா மட்டும், "மெஷினக் கயட்டி கையில வச்சிக்க. வந்துகினே கீறேன்" என்றார்.

லாரி உயரத்துக்கு நின்ற அந்த வண்டி, தெருத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. குமரேசனை நானும் அவரும் தூக்கிப் படுக்கையில் போட்டோம். அவருடைய உதடு நீலமாகியிருந்தது. வண்டியின் பேட்டரியில் மெஷின் உயிர்பெற்றது. மெல்ல அந்த நீலம் கலைந்தது.

தெரு முனையில் ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் வண்டியை மறித்து நின்றார். பக்கத்துத் தெரு ஜானகி. "எங்காத்துல அப்பா மூச்சுக்குத் தவிச்சுண்டிருக்கார். மெஷின் நின்னு போயிடுத்து. அழைச்சுண்டு போங்கோ, ப்ளீஸ்" என்று கண்ணாடியில் தட்டினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. இறங்கிப் போனார். அவரும் ஜானகியுமாகப் பிரம்பு நாற்காலியோடு முதியவர் வைத்தியநாதனைத் தூக்கிவந்தார்கள். அவருடைய மெஷினும் வந்தது.

தண்ணீர் ஏறாத இடம் ராதாகிருஷ்ணன் சாலை மேம்பாலம்தான். ஏற்கெனவே அங்கே வரிசையாகக் கார்களை விட்டுப் போயிருந்தார்கள். ஓரமாக நிறுத்தி, இரண்டாவது மெஷினை அக்கா சொருகினார். ஒரு கீச்சொலி, இரண்டு மெஷின்களும் நின்றன. இரண்டு பேர் வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜானகி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அல்லது நான் அவர் கையை.

கேரவன் தளத்தில் நிற்கும்போது ஜெனரேட்டர் வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும். தனியாக இருந்தால் அதன் பேட்டரிதான் எல்லாம். எஞ்சினை ஓடவிட்டுத்தான் அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். அந்தப் பேட்டரி இரண்டு மெஷின்களைச் சேர்த்து இழுக்காது. அக்கா ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப், விளக்குகள் என்று ஒவ்வொன்றாகத் துண்டித்தார். ஒப்பனைக் கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகளையும் விடவில்லை. மறுபடி முயன்றார். மறுபடி நின்றது.

ஒன்றைப் பிடுங்கிய பிறகு குமரேசனின் மெஷின் மட்டும் ஓடியது. குமரேசன் தன் மூக்கிலிருந்த குழாயைக் கழற்றி முதியவர் பக்கம் நீட்டினார். "அவருக்குக் குடுங்க அக்கா. எனக்குப் போதும்" என்றார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. குழாயைப் பிடுங்கி அவர் மூக்கிலேயே மாட்டி, "சாவுறதெல்லாம் என் வண்டியில கெடையாது நைனா. எறங்கி அப்பால பாத்துக்க" என்றார்.

பிறகு மழையில் இறங்கி வண்டியின் முன்பக்கத்தைத் திறந்தார். முன் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு சின்ன இணைப்பு உண்டு. அதை உருவி எடுத்து, குடிதண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, ஊதி உலர்த்தி, ஓடிய மெஷினில் பொருத்தினார். அதிலிருந்து இரண்டு குழாய்கள், இரண்டு மூக்குகளுக்கு. மெஷினை முழு அளவுக்குத் திருப்பினார். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி ஒன்றுதான் இருந்தது. அதைக் குமரேசன் விரலிலிருந்து வைத்தியநாதன் விரலுக்கும், அங்கிருந்து இங்கும் மாற்றிக்கொண்டே இருந்தோம். எண் ஏறவில்லை. ஆனால் இறங்கவுமில்லை.

ஒரு போலீஸ்காரர் வந்து வண்டியை எடுக்கச் சொன்னார். "ஏறிப் பாரு சார். பாத்துட்டு அப்பால எடுக்கச் சொல்லு" என்றார் அக்கா. ஏறிப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இறங்கி நின்று, ஆம்புலன்ஸ் கேட்டு வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டே இருந்தார்.

மாலையில் டீசல் முள் அடிமட்டத்துக்கு வந்தது. எஞ்சின் நின்றால் பேட்டரியும் நிற்கும். பெட்ரோல் பங்க்குகள் எல்லாம் மூடியிருந்தன. அக்கா ஒரு கேனும் ரப்பர் குழாயும் எடுத்துக்கொண்டு, பாலத்தில் நின்ற வண்டிகளுக்குள் ஆள் இருக்கிறதா என்று தட்டிக்கொண்டே நடந்தார். ஒரு லோடு வண்டி ஓட்டுநர் மட்டும் உள்ளே படுத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "எடுத்துக்கோ அக்கா. இந்தத் தண்ணியில நான் எங்க போவப்போறேன்?" என்றாராம். அக்கா வாயால் உறிஞ்சி டீசல் எடுத்தார். திரும்பி வந்தபோது பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவப் போனேன். "என்ன ஏன் பாக்குற? அவங்க விரலப் பாரு" என்று தள்ளிவிட்டார்.

விடிந்த பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. இருவரும் உயிரோடு இறங்கினார்கள். வைத்தியநாதன் அடுத்த கோடை வரை இருந்தார். மகளோடு உட்கார்ந்து கச்சேரி கேட்டார், பேத்தியின் கல்யாணத்தைப் பார்த்தார். அவர் போனபோது அக்கா வாசலோடு நின்றுவிடாமல் உள்ளே போய் ஜானகியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் பாலவாக்கம் கல்லறைத் தோட்டத்துக்கு ஜானகியும் வந்திருந்தார். அங்கே சேவியர் சொல்லித்தான் தெரிந்தது, அந்த வெள்ள நாளில் அக்காவின் சொந்த வீட்டுக் கூரைத் தகடு காற்றில் பறந்துபோய், அவருடைய தாயார் பக்கத்து வீட்டில் தங்கியிருந்தார் என்று. எங்களிடம் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மண் போடும்போது ஜானகி என் தோளில் சாய்ந்து, "அவாளுக்கு மூச்சு நின்னப்போ நாம யாருமே பக்கத்துல இல்லையே" என்றார்.

எனக்கென்று அக்கா விட்டுப்போனவர் அடுத்த அறையில் இருக்கிறார். இதை எழுதும்போது ஒருமுறை இருமினார். பிறகு, காபி ஆறிப்போகிறது, வா என்று கூப்பிட்டார்.