யார் பக்கத்தில் யார்

"நல்லாத் திறங்க. அசையாதீங்க. இப்போ சொல்லுங்க, கார்சன் பெரிய ஆளா, எமில் பெரிய ஆளா?"

நாற்காலியில் மல்லாந்து கிடக்கும் வங்கி மேலாளரால் எதுவும் சொல்ல முடியாது. வாய்க்குள் ஒரு கண்ணாடி, ஒரு கொக்கி, எச்சில் உறிஞ்சும் குழாய். ஹெல்வி கோர்பெலா எங்கள் பல் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாகப் பல் சுத்தம் செய்கிறாள். அவள் அறையில் பேசுவதெல்லாம் வரவேற்பு மேசையில் இருக்கும் எனக்குக் கேட்கும். கனடாவில் எங்கள் தண்டர் பே நகரத்தில் பனி ஹாக்கியைப் பற்றி வாதாடாதவர் இல்லை. எதிராளியின் வாயைத் திறந்து வைத்துவிட்டு வாதாடுகிறவள் இவள் ஒருத்திதான். கார்சன் கட்சிக்காரர்களுக்குக் கடைவாய்ப் பல்லில் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

கார்சன் எங்கள் நகர அணியின் நட்சத்திரம். போன பருவத்தில் முப்பத்தாறு கோல். அதே அணியில் அவன் பக்கத்தில் ஆடும் எமில் பதினாலுதான். "முப்பத்தாறுன்னு ஊரே கூத்தாடுது. பக்கத்துல யாரு நின்னான்னு யாராவது பாத்தாங்களா?" என்பாள் ஹெல்வி. அவள் பார்த்தாள். ஒவ்வொரு கோலுக்கும் பனித்தளத்தில் நம் ஆட்கள் யார் யார் இருந்தார்கள் என்று குறித்து வைத்திருந்தாள். எமில் மணிக்கட்டு சுளுக்கி வெளியே உட்கார்ந்த ஆறு ஆட்டங்களில் கார்சன் போட்டது இரண்டே கோல். கார்சன் காய்ச்சலில் படுத்த நான்கு ஆட்டங்களிலோ, எமில் பக்கத்தில் யாரை நிறுத்தினாலும் கோல் விழுந்தது. "தச்சு வேலை பாக்குற ரெய்னோகூட நாலு போட்டான். அவனுக்குத் திரும்பவே அரை நாள் ஆகும்."

இந்தக் கணக்கை அவள் தேவாலயப் பாடகர் குழுவையும் விடாமல் போட்டுப் பார்த்தாள். எல்லோரும் புகழ்வது முன்வரிசை இங்க்ரிட்டை. இரண்டாம் வரிசை ஆல்மாவுக்கு ஜலதோஷம் வந்த ஞாயிறுகளில் மட்டும் இங்க்ரிட்டுக்குச் சுருதி விலகுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். இங்க்ரிட் அதன்பிறகு எங்களிடம் பல் காட்ட வருவதில்லை.

கார்சன் வேறு யாருமில்லை, ஹெல்வியின் தங்கை மர்யாட்டாவின் மகன். மார்ச் மாதம் ரசிகர் மன்றம் சிறந்த ஆட்டக்காரருக்குக் கேடயம் கொடுக்கும். மூன்று நடுவர்களில் இருவர் ஆளுக்கொரு பக்கம் நின்றுவிட்டார்கள். மூன்றாவது நடுவர் ஹெல்வி.

அந்த வாரம் கார்சன் பல் சுத்தம் செய்ய வந்தான். "பெரியம்மா, கேடயம் எனக்குத்தானே?" என்று சிரித்துக்கொண்டே சாய்ந்தான். அரை மணி நேரம் அந்த அறையிலிருந்து பேச்சே வரவில்லை. என்னவோ ஏதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். அவன் வாய் கொப்பளித்து நிமிர்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "எமில் இல்லாத ஆறு ஆட்டத்துல நீ ரெண்டுதான்டா கண்ணு போட்ட."

மார்பில் கட்டிய காகிதத் துண்டைக்கூட அவிழ்க்காமல் அவன் தெருவில் இறங்கிப் போனான்.

கேடயம் எமிலுக்குப் போனது. சனிக்கிழமை தவறாமல் அக்கா வீட்டு நீராவிக் குளியலுக்கு வரும் மர்யாட்டா வரவில்லை. ஹெல்வி மூன்று சனிக்கிழமை குளியலறை அடுப்பை மூட்டிக் காத்திருந்தாள். நான்காவது வாரம் மூட்டவில்லை.

கோடையில் எமில் வின்னிபெக் நகரத்தில் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போய்விட்டான். புதிய பருவத்தில் ஏழு ஆட்டம் ஆகியும் கார்சனுக்கு ஒரே கோல். ஹெல்வி சொன்னதுதான் சரி என்று ஊர் மெல்லத் திரும்பியது. வங்கி மேலாளர் நாற்காலியில் கிடந்தபடியே அதை ஒப்புக்கொள்ள முயன்றார். "மூடாதீங்க" என்று ஹெல்வி அவரை அடக்கிவிட்டு, இந்த வருடம் ஏரி எப்போது உறையும் என்று பேச ஆரம்பித்தாள்.

நவம்பரில் ஒரு ஞாயிறு மதியம் நான் அவளோடு ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். போகும் வழியில், கார்சன் கடைசியாகக் கோல் போட்டது எந்த ஆட்டத்தில், எத்தனையாவது நிமிடத்தில் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி ஆட்டத்தில் மர்யாட்டா படியேறி வந்து எங்கள் பெஞ்சில், ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். கீழே கார்சன் காலியான வலைக்கு முன்னால் அடித்தது கம்பிக்கு வெளியே போனது. கூட்டம் முனகியது.

மர்யாட்டா திரும்பாமலே கேட்டாள்: "இத்தோட எத்தனை ஆட்டம்க்கா, அவன் போடாம?"

"எண்ணலைடி" என்றாள் ஹெல்வி.

நகர்ந்து உட்கார்ந்து, தன் மடியில் கிடந்த கம்பளியில் பாதியைத் தங்கையின் முழங்காலுக்கு இழுத்துவிட்டாள்.